ஷட்டர் இறங்கி ஏறுன கண்ணு

ஒரு வியாழக்கிழமை காலைல அப்பா திண்ணைல பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தவரு திடீர்னு "வலது கண்ணுல மேலருந்து ஷட்டர் இறக்குன மாதிரி இருக்குடா"ன்னாரு, நான் பல்லு விளக்கிட்டு வர்றதுக்குள்ள "சரியாப் போச்சு"ன்னுட்டாரு. அஞ்சு நிமிஷம் இருந்திருக்கும். அம்மா பித்தம்னு எலுமிச்சம்பழ ஜூஸ் குடுத்தாங்க. நான் சனிக்கிழமை மஞ்சக்குப்பத்துல ஒரு கண்ணாடிக் கடைக்கு கூட்டிட்டுப் போனேன், பவர் மாறிருக்குன்னு சொல்லி அட்வான்ஸும் வாங்கிட்டாங்க. அவங்கள சொல்லி என்ன, கூட்டிட்டுப் போனது நான்தானே.

ஞாயித்துக்கிழமை திரும்ப வந்துச்சு. நல்லவேளை நர்ஸா இருக்கற சித்தி பொண்ணுக்கு போன் பண்ணேன். ஒரு கண்ணுலயா ரெண்டுலயுமா, வலிச்சுதா, இவ்ளோதான் கேட்டா. ஒரு கண்ணு, வலியே இல்லன்னேன். "வலி இல்லன்னாதான்டா பயப்படணும், பெரியப்பாவ உடனே ஜிப்மர் எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போ, கை கால் இழுத்தாலோ பேச்சு குழறுனாலோ 108 அடிச்சிடு"ன்னா. பாண்டி ரோட்டுல ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அப்பாவ பேச வச்சிக்கிட்டே போனேன், அவரு வழி முழுக்க என் டிரைவிங்க திட்டிக்கிட்டே வந்தாரு, அது எனக்கு அவ்ளோ நிம்மதியா இருந்துச்சு.

கழுத்துல ஸ்கேன் எடுத்தப்புறம்தான் புரிஞ்சிது. மூளைக்குப் போற ரத்தக்குழாய்லருந்துதான் கண்ணுக்கும் கிளை போகுது, அதுல படிஞ்ச கொழுப்புலருந்து துணுக்கு பிச்சிக்கிட்டுப் போயி கண்ணு குழாய்ல மாட்டுது, அது நகந்துட்டாலோ கரைஞ்சிட்டாலோ பார்வை திரும்புது. அப்பிடியே நின்னுட்டா சில மணி நேரத்துல விழித்திரை போயிடும். அடுத்த துணுக்கு மூளைப் பக்கம் போனா பக்கவாதம். முதல் ரெண்டு நாள்தான் ரொம்ப ஆபத்தாம், அந்த ரெண்டு நாள நாங்க ஃப்ரேம் செலக்ட் பண்றதுல ஓட்டிட்டோம். (பக்கவாதம் வந்தா ரத்தக்கட்டிய கரைக்கற ஊசிய பொதுவா 4.5 மணி நேரத்துக்குள்ள போடணும், அதனால எத்தன மணிக்கு ஆரம்பிச்சுதுன்னு குறிச்சி வச்சிக்கோங்க.)

வலிக்கற கேசும் உண்டு. நெல்லிக்குப்பம் அத்தைக்கு ஒரு கண்ணு செவந்து, தலைவலி, வாந்தி, லைட்ட சுத்தி வானவில் வட்டம். கேஸ் மாத்திரை போட்டு படுக்க வச்சிட்டாங்க, கடைசில பாத்தா கண்ணு பிரஷர் எகிறியிருக்கு. அதுவும் அன்னைக்கே பாக்க வேண்டியதுதான். மின்னல் மாதிரி வெட்டி, கறுப்புப் புள்ளி நிறைய பறந்து, ஓரத்துல திரை வந்தா விழித்திரை கழண்டுக்குதுன்னு அர்த்தம், அதுக்கு நேரா கண்ணாஸ்பத்திரி.

இப்ப அப்பாக்கு ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, பிபி மாத்திரை எல்லாம் ஓடுது. தெனமும் காலைல ஒவ்வொரு கண்ணா மூடி நாள்காட்டியப் படிக்கிறாரு, அம்மாவயும் விடல. அம்மாவுக்கு எடது கண்ணுல தேதியே தெரியலையாம், எத்தன நாளா இப்பிடின்னு அவங்களுக்கே தெரியல. நாளைக்கு தவளக்குப்பம் அரவிந்த் கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம்.