வில்னியஸிலிருந்து தாலின் வரை, தரை வழியே

லித்துவேனியாவின் வில்னியஸ், லாட்வியாவின் ரீகா, எஸ்தோனியாவின் தாலின் ஆகிய மூன்று தலைநகரங்களையும் பஸ்ஸில்தான் சுற்ற வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள். அவள் சொன்னதுதான் சரி. 1989 ஆகஸ்ட் 23 அன்று சோவியத் ஆட்சியிலிருந்து விடுதலை வேண்டி ஏறத்தாழ 20 லட்சம் மக்கள் கைகோத்து நின்ற தடம் இது. இந்த நாடுகளை ஹிட்லரும் ஸ்டாலினும் பங்கு போட்டுக்கொண்ட உடன்படிக்கைக்கு அன்று 50 ஆண்டுகள் நிறைந்திருந்தன. வில்னியஸின் கெதிமினாஸ் கோபுரத்தடியில் ஒரு முனை, தாலினின் பிக் ஹெர்மன் கோபுரத்தடியில் மறுமுனை. இடைவெளி 600 கிலோமீட்டருக்கும் மேல்.

வில்னியஸில் நாங்கள் வந்து இறங்கினோம். என் பெட்டி வரவில்லை. ஸ்வெட்டர், மழைக்கோட்டு எல்லாம் அதற்குள். ஜூன் மாதம்தான், ஆனாலும் மழையும் காற்றும் எலும்பைத் தொட்டன. படிவம் எழுதிக் கொடுத்துவிட்டு, கடையில் ஒரு மழைக்கோட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குள் நடந்தோம்.

அக்கா சைவம். அவளுக்கு அங்கே வாய்த்தது ஷல்டிபர்ஷ்சியை என்ற குளிர்ந்த சூப். கெஃபிர் என்னும் புளித்த பாலில் பீட்ரூட், வெள்ளரி, டில் கீரை போட்டுக் கலக்குகிறார்கள். நிறம் பளீரென்ற இளஞ்சிவப்பு. முட்டையை வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறார்கள். தொட்டுக்கொள்ள ஆவி பறக்கும் உருளைக்கிழங்கு. சில்லென்று ஒரு வாய், சுடச்சுட ஒரு வாய் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும். துருவிய உருளைக்கிழங்கு மாவுக்குள் பூரணம் வைத்து வேகவைக்கும் செபெலினையும் சாப்பிட்டோம். இறைச்சிக்குப் பதில் பாலாடைக்கட்டி வைத்ததும் கிடைக்கிறது. ஆனால் மேலே பன்றிக்கொழுப்பைத் தாளித்து ஊற்றும் வழக்கம் உண்டு. சைவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ரீகா செல்லும் பஸ், லாட்விய எல்லையைக் கடந்து பௌஸ்கா அருகே நின்றுவிட்டது. மாற்று பஸ் வரும்வரை எல்லோரும் சாலையோரம் இறங்கி நின்றோம். மழை விட்டிருந்தது. உடன் வந்த ஒரு மூதாட்டி, யானி என்னும் நடுக்கோடைத் திருவிழாவுக்காக மகள் வீட்டுக்குப் போகிறவர், கூடையிலிருந்து ரை என்னும் தானியத்தில் சுட்ட ரொட்டியையும் சீமைச்சோம்பு போட்ட பாலாடைக்கட்டியையும் எடுத்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார். கறுத்து, கனத்து, லேசாகப் புளிக்கும் ரொட்டி. இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டவற்றுள் அதற்கு ஈடு எதுவும் இல்லை. 1989இல் இதே சாலையில் தானும் நின்றதாக அவர் சொன்னார். எங்கே ஆள் குறைகிறது என்று வானொலி சொல்லச் சொல்ல, மக்கள் கார்களில் அங்கே விரைந்தார்களாம். அவர் பேசிய ஆங்கிலம் கொஞ்சம்தான், மிச்சத்தைக் கைகளால் சொன்னார். விமானத்தில் போயிருந்தால் இந்தச் சாலையை மேகத்துக்கு மேலிருந்து கடந்திருப்போம்.

ரீகாவில் மத்தியச் சந்தைக்கே ஒரு நாளை ஒதுக்கலாம். முதல் உலகப் போர்க்கால ஜெர்மானிய ஆகாயக் கப்பல்களின் கொட்டகைச் சட்டங்களைக் கொண்டுவந்து கட்டி, 1930இல் திறந்த சந்தை. ஒரு கூடம் முழுக்க மீன், இன்னொன்றில் பாலும் வெண்ணெயும். ஊறவைத்த முட்டைக்கோசின் புளிப்பு மணம் வாசலிலேயே எதிர்கொள்கிறது. ஆல்பர்ட் தெருவில் மிகாயில் ஐசன்ஸ்டைன் வடிவமைத்த வீடுகளின் முகப்புகளை அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்தது. அவருடைய மகன்தான் திரைமேதை செர்கே ஐசன்ஸ்டைன்.

தாலின் விடுதியில் என் பெட்டி எனக்கு முன்பே வந்து காத்திருந்தது. 1422க்கு முன்பிருந்தே இயங்கும் மருந்துக்கடை, 1404இல் கட்டி முடித்த நகர மன்றம் என்று பழைய ஊரைச் சுற்றி முடித்தபோது இரவு பத்தரை. வெளிச்சம் இன்னும் போகவில்லை. மறுநாள் ரயில் நிலையத்தருகே உள்ள சந்தையில் எனக்கு ரை ரொட்டியின் மேல் மத்தி இனத்துப் பொடிமீனை வைத்துத் தந்தார்கள். அக்காவுக்குக் காமா: வறுத்த பார்லி, ரை, ஓட்ஸ், பட்டாணி மாவைக் கெட்டி மோரில் கரைப்பது. நம் சத்துமாவின் அதே வறுத்த மணம். அக்கா இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கி, ஒரு பொட்டலம் மாவையும் என் பெட்டிக்குள் வைத்தாள்.