ஹிப்போகாம்பஸ் கேள்விக்கு விடை எழுதும்போது

ஹிப்போகாம்பஸ் என்பது மூளையின் உட்பகுதியில் இருக்கும், நினைவோடு தொடர்புடைய ஒரு பகுதி. நரம்பியல் உளவியல் தாளில் "குறுகிய கால நினைவில் ஹிப்போகாம்பஸின் பங்கு" என்று கேட்டால், பலர் எடுத்த எடுப்பிலேயே "குறுகிய கால நினைவு ஹிப்போகாம்பஸில்தான் சேமிக்கப்படுகிறது" என்று எழுதிவிடுவார்கள். மதிப்பெண் போவது அந்த முதல் வரியில்தான். கேள்வியே கொஞ்சம் வம்பானது: பங்கு இருக்கிறது என்று முன்கூட்டியே முடிவுகட்டிக் கேட்கிறது. அதனால் முதல் பத்தியிலேயே, சில நொடிகளுக்கு ஒன்றை மனதில் நிறுத்திவைக்க ஹிப்போகாம்பஸ் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை, அதை நீண்ட கால நினைவாக மாற்றத்தான் அது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. நான் அப்படித்தான் தொடங்கினேன், அதன் பிறகு விடை தானாக நகர்ந்தது.

அடுத்து ஹென்றி மொலைசன். இவரைப் பெயரளவில் தொட்டுவிட்டு ஓடாதீர்கள். கடுமையான வலிப்பு நோய்க்காக 1953இல் வில்லியம் ஸ்கோவில் இவருக்கு அறுவை சிகிச்சை செய்தார். மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸின் பெரும் பகுதியும் அதை ஒட்டிய பகுதிகளும் போயின. அப்போது வயது 27. உளவியலாளர் பிரெண்டா மில்னர் சோதித்தபோது, சொன்ன எண்களை உடனே திருப்பிச் சொல்வதில் அவருக்குக் குறையே இல்லை. 584 என்ற எண்ணைக் கொடுத்து, இடையூறு செய்யாமல் கால் மணி நேரம் விட்டார்கள், சரியாகச் சொன்னார். எப்படி? மூன்றையும் கூட்டினால் 17, அதில் எட்டைக் கழித்தால் 9, ஒன்பதைப் பிரித்தால் ஐந்தும் நான்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கவனம் வேறு பக்கம் திரும்பியதும் எண்ணும் போச்சு, எண் கொடுத்ததே மறந்தும் போச்சு. இந்த ஒரு நிகழ்வை விரிவாக எழுதினாலே பாதி விடை முடிந்த மாதிரி.

மறுபாதிக்கு கே.எஃப். என்ற நோயாளி. 1969இல் ஆய்வாளர்கள் வாரிங்டனும் ஷாலிஸும் விவரித்தவர். இடது பெருமூளையில் சேதம். காதால் கேட்ட எண்களில் இரண்டைத் தாண்டவே திணறினார், ஆனால் நீண்ட கால நினைவு நன்றாகவே இருந்தது. மொலைசனுக்கு நேர் எதிர். இருவரையும் அடுத்தடுத்து வைத்து "இரட்டைப் பிரிவு" என்று குறிப்பிடுங்கள்: ஒருவரிடம் கெட்டது மற்றவரிடம் நன்றாக இருக்கிறது, அதனால் இரண்டு நினைவுகளும் தனித்தனி என்று பொருள். ஒருவர் மட்டும் இருந்தால், ஒரு வேலை எளிது, இன்னொன்று கடினம் என்று சொல்லித் தட்டிக்கழித்துவிடலாம்.

பிளிஸ், லோமோ 1973இல் முயலின் மூளையில் கண்ட நீடித்த இணைப்பு வலுப்பெறலுக்கு (தூண்டிய பிறகு நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்பு நெடுநேரம் வலுவாகவே இருப்பது; நீண்ட கால நினைவு உருவாகும் விதத்துக்கு விளக்கமாகச் சொல்லப்படுவது) ஒரு வரி போதும். படம் வரைய நேரம் இருந்தால் வரையுங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை.

கடைசிப் பத்தியை ஒரு விதிவிலக்குக்கு ஒதுக்குங்கள். எந்தப் பொருள் எந்த இடத்தில் இருந்தது என்று இரண்டையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டிய சோதனைகளில், இடைவெளி சில நொடிகளே ஆனாலும் ஹிப்போகாம்பஸ் பழுதானவர்கள் தடுமாறுவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அது உண்மையிலேயே குறுகிய கால நினைவா, இல்லை நீண்ட கால நினைவு அதற்குள் எட்டிப் பார்க்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. "பெரும்பாலும்" என்று முதல் பத்தியில் போடச் சொன்னது இதனால்தான்.