வெளி லைன்: எத்தனை வேண்டும், எங்கே சிக்கும்

ஓர் அலுவலகத்தில் அறுபது எக்ஸ்டென்ஷன் (உள் போன் இணைப்பு) இருக்கிறது என்பதற்காக அறுபது வெளி லைன் யாரும் வாங்குவதில்லை. எக்ஸ்டென்ஷன், அலுவலக போன்களை இணைக்கும் பிபிஎக்ஸ் பெட்டிக்கு உள்ளே உள்ள கணக்கு. தொலைபேசி நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ட்ரங்க் லைன், அதாவது வெளி லைன், வேறு கணக்கு. அழைப்புகள் குவியும் நேரத்தில் எத்தனை பேர் ஒரே சமயத்தில் வெளியே பேசுகிறார்கள் என்பதே அதைத் தீர்மானிக்கும்.

அந்த ஒரு மணி நேரத்தில் வருவதும் போவதுமாக 100 அழைப்பு, சராசரி 3 நிமிடம் என்று வையுங்கள். மொத்தம் 300 நிமிடம். 60ஆல் வகுத்தால் 5 எர்லாங், அதாவது சராசரியாக ஒரே சமயத்தில் 5 பேச்சு. டென்மார்க்கின் கணித வல்லுநர் எர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரப்படி, நூறில் ஓர் அழைப்புக்கு மேல் லைன் கிடைக்காமல் முட்டக்கூடாது என்றால் 11 லைன் வேண்டும். 5 எர்லாங்தானே என்று ஐந்தே லைன் போட்டால் நூறில் 28 முட்டும். வெளியிலிருந்து வரும் அழைப்பைச் செல்பேசிக்குத் திருப்பினால் அந்த ஒரு பேச்சுக்கே இரண்டு லைன் போய்விடும். இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

லைன் பெருகினால் பிஆர்ஐ, அதாவது பல பேச்சை ஒன்றாகக் கொண்டுவரும் டிஜிட்டல் இணைப்பு. அது வரும் ஈ1 இணைப்பில் 32 ஸ்லாட். ஒன்று ஒத்திசைவுக்கு, ஒன்று சிக்னலிங்குக்கு, மிச்சம் 30 பேச. இணைய முறையில் வரும் எஸ்ஐபி ட்ரங்க் என்றால், ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறக்குறைய 87 கிலோபிட் ஒதுக்குங்கள்.

சாதாரணக் கம்பியில் வரும் அனலாக் லைன்தான் அதிகம் படுத்தும். பிபிஎக்ஸில் அதற்கு இரண்டு வகை போர்ட். எஃப்எக்ஸ்எஸ் போர்ட் மின்சாரமும் ரிங்கும் கொடுக்கும், அதில் போன். எஃப்எக்ஸ்ஓ அவற்றை வாங்கிக்கொள்ளும், அதில் எக்ஸ்சேஞ்ச் லைன். சும்மா இருக்கும் லைனிலேயே 48 வோல்ட், மணி அடிக்கையில் 90 வோல்ட் ஏசி அளவுக்கு வரும். எக்ஸ்சேஞ்ச் லைனை எஃப்எக்ஸ்எஸ்ஸில் செருகினால் போர்ட் போய்விடலாம்.

அடுத்தது, பேசி முடித்தும் விடுபடாத லைன். எதிர்முனை வைத்துவிட்டது என்பது பிபிஎக்ஸுக்குத் தானாகத் தெரியாது. எக்ஸ்சேஞ்ச் லைனின் மின்துருவத்தை மாற்றியோ, மின்சாரத்தை நொடிப்பொழுது துண்டித்தோ சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பிஸி டோனைக் கேட்டுத்தான் அது புரிந்துகொள்ளும். அந்த டோனின் அதிர்வெண்ணும் விட்டுவிட்டு ஒலிக்கும் இடைவெளியும் நாட்டுக்கு நாடு மாறும். தொழிற்சாலை அமைப்பை அப்படியே விட்டால் வாய்ஸ்மெயிலில் பிஸி டோன் பதிவாகிக்கொண்டே இருக்கும், லைனும் மாட்டிக்கொள்ளும். வாய்ஸ்மெயில் பெட்டியில் 'கீங் கீங்' மட்டும் கேட்டால் முதலில் இந்த அமைப்பைப் பாருங்கள்.

மூன்றாவது சிக்கல், மோதல். வெளியே பேச 0 அழுத்துகிறீர்கள், அதே நொடியில் அந்த லைனில் அழைப்பு வருகிறது. மணிக்கு நடுவே உள்ள மௌனத்தில் பிபிஎக்ஸ் அதைக் காலி லைன் என்று எடுத்துவிடும். டயல் டோனுக்குப் பதிலாக யாரோ 'ஹலோ' என்பார்கள். எக்ஸ்சேஞ்சின் ஹன்டிங் (வரும் அழைப்புக்குக் காலி லைன் தேடும் வரிசை) முதல் லைனிலிருந்து மேலே போனால், வெளியழைப்பைக் கடைசி லைனிலிருந்து கீழே வரும்படி வையுங்கள். மோதல் பெரும்பாலும் நின்றுவிடும்.

வெளியிலிருந்து அழைத்து உள்ளே வந்து, இன்னொரு லைனில் வெளியே போக விடும் டைசா வசதியைத் தேவையில்லையெனில் அணைத்துவிடுங்கள். வெளிநாட்டு அழைப்பைத் திருடுவோர் முதலில் தட்டும் கதவு அது. தேவைப்பட்டால் நீண்ட கடவு எண் போட்டு, வெளிநாட்டு டயலிங்கை அதிலிருந்து தடுத்து வையுங்கள்.