ஒரே கைப்பேசி எண்ணில் அம்மாவும் மகனும்: சங்கத்தின் உறுப்பினர் தளத்தை ஏர்டேபிளோடு இணைத்த அனுபவம்

பிப்ரவரியில் ஒரு நாள் காலை அருமனைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா அழைத்தார். "மக்களே, நான் சந்தா கட்டி ரசீதும் கையில் வைத்திருக்கிறேன். மாசி பிறந்துவிட்டது, இதுவரை ஒரு வியாபாரியும் கூப்பிடவில்லை. நம்முடைய பட்டியலில் என் பெயர் இருக்கிறதா என்று கொஞ்சம் பார்க்கிறாயா?"

பார்த்தேன். இல்லை. அவர் பெயரை நீக்கியது வேறு யாரும் அல்ல, நான் கட்டிய தானியங்கி இணைப்புதான். அதற்கு முந்தைய வாரம்தான் நிர்வாகக் குழுவில் எழுந்து நின்று, "எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது" என்று சொல்லியிருந்தேன். அந்த வார்த்தை இன்றும் உறுத்துகிறது.

எங்கள் தேனீ வளர்ப்போர் சங்கத்தில் 300 பேருக்கு மேல் இருக்கிறார்கள். தேன் விற்பவர், பெட்டி விற்பவர், கூடு பிடித்துத் தருபவர் என்று பிரித்துக் காட்டும் உறுப்பினர் தளம் ஒன்று உண்டு. சந்தாக் கணக்கு தனியாக ஏர்டேபிளில் (இணையத்தில் தகவலை அட்டவணையாகச் சேமிக்கும் சேவை) இருக்கிறது. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது இளம் இலைக் காம்பில் சுரக்கும் தேன்தான் எங்கள் ஆண்டு வருமானம். அந்த இரண்டு மூன்று மாதங்களில் பட்டியலில் இல்லாதவர் அந்த ஆண்டு வியாபாரத்திலேயே இல்லாதவர் மாதிரி. அதனால்தான் இரண்டையும் என்8என் என்ற தானியங்கி இணைப்பு மென்பொருள் வழியாக இணைத்து, சந்தா கட்டியவர் மட்டும் தளத்தில் தெரியும்படி செய்ய முனைந்தேன். சர்வரில் என்8என் நிறுவியது அரை நாள் வேலை, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அலைச்சல் லாகினில் தொடங்கியது. தளத்தை அமைத்துக் கொடுத்தவர்கள் நிர்வாகக் கணக்கைச் சங்கத்தின் மின்னஞ்சலில் திறக்காமல் தங்கள் மின்னஞ்சலில் திறந்திருந்தார்கள். இணைப்புக்குத் தேவையான டோக்கனை (கடவுச்சொல் போன்ற ரகசியத் தொடர்) எடுக்க அந்த லாகின் வேண்டும். மார்த்தாண்டத்திலிருந்து வடசேரிக்குப் பஸ் ஏறி நாகர்கோவில் அலுவலகத்துக்குப் போனால், "பொறுப்பாளர் வெளியூர் போயிருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள்" என்றார்கள். இரண்டாவது முறை போனது டிசம்பர் 3. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கான உள்ளூர் விடுமுறை அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும்தானே, தனியார் அலுவலகம் திறந்திருக்கும் என்று நினைத்துப் போனேன். பூட்டியிருந்தது. மூன்றாவது முறை எங்கள் செயலாளர் அண்ணனையும் அழைத்துக்கொண்டு, சங்கத்தின் கடிதத் தாளில் முத்திரையோடு எழுதிய கோரிக்கையையும் கொண்டுபோனேன். பத்து நிமிடத்தில் கணக்கு சங்கத்தின் மின்னஞ்சலுக்கு மாறியது. முதல் முறையே கடிதத்தோடு போயிருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். உங்கள் சங்கத் தளத்தின் நிர்வாகக் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்பதை இன்றைக்கே பாருங்கள்.

ஏர்டேபிள் பக்கத்தில், எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் எழுதிவைத்த குறிப்பில், பிற மென்பொருள் உள்ளே நுழைவதற்கான பழைய ஏபிஐ சாவிதான் இருந்தது. அது 2024 பிப்ரவரியோடு செல்லாததாகிவிட்டது. இப்போது தனிப்பட்ட டோக்கன்தான். எந்த பேஸ் (அட்டவணைத் தொகுப்பு), படிக்க மட்டுமா எழுதவுமா என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் எழுதும் அனுமதியைத் தேர்ந்தெடுக்க மறந்து, ஒரு மாலை முழுவதும் அனுமதி மறுப்புச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்8என்னுக்குப் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தளத்தில் ஒன்று மாறியதும் அந்தச் செய்தி வந்து சேரும் இடம் வெப்ஹூக். ஒவ்வொரு வெப்ஹூக்குக்கும் சோதனை முகவரி, நடைமுறை முகவரி என்று இரண்டு இருக்கும். சோதனை முகவரி நாம் திரையில் சோதனையைத் தொடங்கிக் காத்திருக்கும்போது மட்டும்தான் செய்தியை வாங்கும். நான் அதைத்தான் தளத்தில் ஒட்டியிருந்தேன். என் முன்னால் எல்லாம் வேலை செய்தது. கணினியை மூடிவிட்டுப் படுத்த பிறகு ஒன்றும் வரவில்லை. நடைமுறை முகவரியை ஒட்டி, வொர்க்ஃப்ளோவை (நான் அமைத்த வேலைத் தொடரை) இயக்க நிலைக்கு மாற்றிய பிறகுதான் சரியானது. நேர மண்டலத்தையும் ஏசியா/கொல்கத்தா என்று மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் அது நியூயார்க் நேரத்தில் ஓடும். காலை 9 மணிக்குப் போக வேண்டிய சந்தா நினைவூட்டல் எங்களுக்கு இரவு 7.30 மணிக்குப் போனது.

இனி அந்த அம்மாவின் பெயர். தளத்தில் உறுப்பினர் எண்ணுக்கு இடமே இல்லை. ஆகவே கைப்பேசி எண்ணை அடையாளமாக வைத்து, "இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர்" என்ற முறையில் ஏர்டேபிளுக்கு அனுப்பினேன். ஒருவருக்கு ஓர் எண் என்பது என் கணக்கு. எங்கள் ஊர் வீடுகள் அப்படி இல்லை. வயதானவர்கள் மகன் எண்ணையோ மருமகள் எண்ணையோதான் கொடுக்கிறார்கள். அந்த அம்மா தேன் விற்பவர், அவர் மகன் பெட்டி விற்பவர், இருவரும் தனித்தனியே சந்தா கட்டிய உறுப்பினர்கள், எண் மட்டும் ஒன்று. மகன் தன் விவரத்தைத் திருத்தியதும் அது அம்மாவின் வரிசைக்கு மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஏர்டேபிளில் அம்மா என்று ஒருவர் இல்லாமல் போனார். இரவில் ஓடும் அடுத்த வொர்க்ஃப்ளோ, சந்தாக் கணக்கில் இல்லாதவர் என்று அவரைத் தளத்திலிருந்து மறைத்தது. எங்கும் ஒரு பிழைச் செய்தி கூட இல்லை. எல்லாம் பச்சை நிறத்தில் "வெற்றி" என்றே இருந்தது. தேடியபோது அப்படி மறைந்தவர்கள் மொத்தம் 14 பேர். ஏர்டேபிளில் ஒவ்வொரு வரிசைக்கும் உள்ள திருத்த வரலாற்றைப் பார்த்து, அன்றிரவே ஒவ்வொருவராக மீட்டேன்.

மறுநாளே தளத்தில் உறுப்பினர் எண்ணுக்கு ஒரு புலம் சேர்த்தேன். ஆனால் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அந்த எண்ணை ஒரு முறையாவது பெயரை வைத்துப் பொருத்தித்தானே நிரப்ப வேண்டும்? அங்கே இன்னொரு பள்ளம். கண்ணுக்கு எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத் தெரியும் பெயர்கள் பொருந்த மறுத்தன. ஜோசப் என்ற பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறதோ, அதில் பாதிப் பேர் பொருந்தவில்லை. பொன்னம்மாள் பொருந்தவில்லை. கமலம் பொருந்தியது. அதைக் கவனித்த பிறகுதான் பிடி கிடைத்தது. ஒகர, ஓகாரக் குறிகளை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. எங்கள் பழைய பட்டியல் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, பிறகு மாற்றியில் போட்டு எடுத்தது. அதில் எல்லாம் கொம்பும் காலுமாகப் பிரிந்து கிடந்தன. பெயர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் முதலில் என்எஃப்சி என்ற, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவத்துக்கு மாற்றும் ஒற்றை வரியைச் சேர்த்தேன். ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் பொருந்தின. தமிழ்ப் பெயர்களை வைத்து எந்த இணைப்பு செய்தாலும் இந்த வரியை மறக்காதீர்கள். மூன்று இரவுகள் போன பிறகு கிடைத்த அந்த நிமிடத்தின் மகிழ்ச்சியை என்னால் மறக்க முடியாது.

எக்செல் பற்றி ஓர் எச்சரிக்கை. 91-இல் தொடங்கும் 12 இலக்கக் கைப்பேசி எண்களைச் சாதாரணக் கட்டத்தில் திறந்தால் 9.19E+11 என்பது போலச் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போயே போய்விடும். முதலில் அந்தக் கட்டங்களை உரை வடிவத்துக்கு மாற்றுங்கள்.

கடைசியாக வந்தது சுழல். தளத்தில் மாறினால் ஏர்டேபிளுக்கு, ஏர்டேபிளில் மாறினால் தளத்துக்கு என்று இரு பக்கமும் இணைத்திருந்தேன். ஓர் இரவு பத்து மணிக்குச் செயலாளர் அண்ணன் ஒரு முகவரியில் எழுத்துப் பிழையைத் திருத்தினார். அது தளத்துக்குப் போனது, தளம் "மாறிவிட்டது" என்று திருப்பி அனுப்பியது, ஏர்டேபிளில் மாற்ற நேரம் புதுப்பிக்கப்பட்டது, மறுபடி தளத்துக்குப் போனது. நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கும்படி வைத்திருந்ததால் விடிவதற்குள் 480 முறை சுற்றிவிட்டது. தளச் சேவை அந்த மாதத்துக்கு அனுமதித்த அழைப்புகள் (ஒரு மென்பொருள் இன்னொன்றுக்கு அனுப்பும் கோரிக்கைகள்) தீர்ந்தன. உதவிக்கு எழுதினால், "மேல் திட்டத்துக்கு மாறுங்கள்" என்ற ஒரே பதில்தான் மூன்று முறையும் வந்தது. மாறவில்லை. மாதக் கடைசி வரை நானும் செயலாளர் அண்ணனும் கையாலேயே திருத்தினோம்.

இப்போது ஒவ்வொரு புலத்துக்கும் ஒரே ஒரு சொந்த இடம். முகவரி, கைப்பேசி, விற்கும் பொருள் ஆகியவை தளத்தில் மட்டும்தான் மாறும். உறுப்பினர் எண்ணும் சந்தாத் தேதியும் ஏர்டேபிளில் மட்டும்தான் மாறும். ஏர்டேபிளின் 'கடைசியாக மாறிய நேரம்' புலத்தில் எந்தப் புலங்களைக் கவனிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம், அதில் அந்த இரண்டை மட்டும் வைத்தேன். அதன் பிறகு சுழல் வரவில்லை. ஏர்டேபிள் ஒரு பேஸுக்கு நொடிக்கு 5 அழைப்புகள்தான் ஏற்கும், மீறினால் 30 நொடி காத்திருக்க வேண்டும். ஆகவே ஓர் அழைப்புக்குப் பத்துப் பத்து வரிசைகளாகக் கட்டி, இடையில் ஒரு நொடி விட்டு அனுப்புகிறேன். இரவில் யாரையாவது மறைக்க வேண்டியிருந்தால் இப்போது அது தானாக மறைப்பதில்லை. பெயர்களை எனக்கும் செயலாளர் அண்ணனுக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, நாங்கள் சரி என்று அழுத்தும் வரை காத்திருக்கிறது.

அந்த அம்மாவின் வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். எடுத்த தேனைத் தகரங்களில் அடைத்துத் திண்ணையில் வரிசையாக வைத்திருந்தார். "பெயர் திரும்ப வந்துவிட்டதா மக்களே?" என்று மட்டும் கேட்டார். கைப்பேசியில் திறந்து காட்டினேன். பங்குனித் தொடக்கத்தில் வியாபாரி வந்து எடுத்துச் சென்றதாக அவர் மகன் சொன்னார். ஆனால் தை மாத விலை கிடைக்கவில்லை.

இன்னும் 6 பேர் பொருந்தாமல் நிற்கிறார்கள். ஒரே பெயர், ஒரே ஊர், ஒரே கைப்பேசி எண். பழைய ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை குலசேகரம் போகிறேன்.