தீட்டு நாள் தள்ளிப்போனால் முதலில் எதைப் பார்ப்பது?

முக்கூடலில் சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணானாலும், பாளையங்கோட்டையில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையானாலும், கவலை நீடித்தால் உடம்பு ஒரே வழியில்தான் பதில் சொல்லும். பதற்றத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடும். மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி சினைப்பைக்கு அனுப்பும் தகவல் மந்தமாகும். கருமுட்டை வெளியாவது தாமதமாகும். முட்டை வெளியான பின் தீட்டு வரச் சுமார் 14 நாள். அந்தக் கணக்கு அதிகம் மாறாது. அதனால் தள்ளிப்போன நாளைக் கண்டு அன்றைய சண்டையைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு, மூன்று வாரத்துக்கு முந்தைய தூக்கம், சாப்பாடு, பதற்றத்தைத் திரும்பிப் பாருங்கள். நாட்காட்டியில் தீட்டு தொடங்கிய தேதியோடு இவற்றையும் குறித்தால் மூன்று மாதத்தில் ஓர் ஒழுங்கு புலப்படும்.

சினைப்பை நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) உள்ளவர்களுக்குச் சுழற்சி ஏற்கெனவே தடுமாறும். தூக்கம் கெட்டால் ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் வேலையும் கெடும்; அதனால் தடுமாற்றம் இன்னும் கூடலாம்.

வலிக்கு, துணி சுற்றிய வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் 15 நிமிடம் வையுங்கள். கருப்பட்டி போட்ட உளுந்தங்களி நல்ல உணவு. ஆனால் நாளைச் சீராக்கும் மருந்தல்ல.

கர்ப்பம் இல்லை என்று உறுதியான பிறகும் மூன்று மாதம் வராவிட்டாலோ, ரத்தப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ மருத்துவரைப் பாருங்கள். மணிக்கொரு நாப்கின் நனைந்தால் அன்றைக்கே போங்கள். "எல்லாம் கவலைதான்" என்று வீட்டில் சொல்லி விட்டுவிடுவதால் தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் பல நேரம் கண்டுபிடிக்கப்படாமல் போகின்றன.