அட்டெண்டன்ஸ் 70-க்குக் கீழே போனால் என்ன செய்வது?

மூன்று வருட எல்.எல்.பி.யில் இரண்டாம் வருடம் படித்தபோது அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரியில் கூட இருக்க வேறு ஆள் இல்லை. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் காலை நேரத்தில்தான் சொத்துரிமைச் சட்ட வகுப்பும். அந்தப் பாடத்தில் மட்டும் 64 சதவீதம் என்று, ஹால் டிக்கெட் கொடுக்கச் சில நாட்கள் இருக்கும்போது நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

"காண்டொனேஷன் ஃபீஸ் (வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டும் பணம்) கட்டு, முடிஞ்சுது" என்றார்கள் சீனியர்கள். மெடிக்கல் சர்டிஃபிகேட் கொடுத்தால் போதும் என்றார் அலுவலகத்தில் ஒருவர். இரண்டும் சரியில்லை. சட்டக் கல்விக்குத் தரம் வகுக்கும் இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளில் 12-வது விதியை எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் பிரின்சிபால் விலக்கு தரலாம். ஆனால் அதற்கும் அந்தப் பாடத்தில் 65, எல்லாப் பாடங்களும் சேர்ந்து 70 இருக்க வேண்டும். என் மொத்தம் 74. இடித்தது அந்த ஒரு சதவீதம்தான்.

விதியை மறுபடி படித்தபோதுதான் வழி கிடைத்தது. வகுப்பு மட்டும் கணக்கில்லை. அந்தப் பாடத்துக்கான மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற வாதப் பயிற்சி), டுடோரியல், செய்முறைப் பயிற்சி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சதவீதம் போட வேண்டும். என் கணக்கில் அவை சேரவே இல்லை. டுடோரியல் பதிவேட்டின் நகலை வாங்கி, பாட ஆசிரியரிடம் கையெழுத்துப் பெற்றேன். சேர்த்துப் பார்த்தால் 66-ஐத் தாண்டியது. அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரி, விதியைச் சுட்டிய விண்ணப்பம், புதிய கணக்கு மூன்றையும் பிரின்சிபாலிடம் நேரில் கொடுத்தேன். பொறுமையாகப் படித்துப் பார்த்துவிட்டு அனுமதித்தார்.

வருகைப் பதிவு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வகுப்பில் உட்காராமல் சொத்துரிமைச் சட்டம் புரியாது. ஆனால் குறைவதைக் கடைசி வாரத்தில் சொல்வது அநியாயம். 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், அட்டெண்டன்ஸ் குறைவுக்காகச் சட்ட மாணவரைத் தேர்வு எழுத விடாமல் தடுக்கக் கூடாது என்றதோடு, வாராவாரம் வருகை விவரத்தைத் தெரிவிக்கவும் சொன்னது. அந்த இரண்டாவது உத்தரவு எல்லாக் கல்லூரியிலும் நடைமுறைக்கு வர வேண்டும். அதுவரை மாதம் ஒருமுறை பாடவாரியாக உங்கள் சதவீதத்தைக் கேட்டு வாங்குங்கள். டுடோரியலும் மூட் கோர்ட்டும் அதில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.