ஏப்ரல், நியாமட்டா, ருவாண்டா

மார்ச் 31, 2024. ஈஸ்டர்

கோயிலில் கால் வைக்க இடமில்லை. பிள்ளைகள் ஆடிய ஆட்டத்துக்குக் கை தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. 1994இல் ஈஸ்டர் ஏப்ரல் 3. ஹுட்டு தீவிரவாதிகள் டுட்சிகளைக் கொன்று குவித்த இனப்படுகொலை தொடங்கியது ஏப்ரல் 7. நடுவே நான்கே நாள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அல்லேலூயா பாடியவர்கள்தானே இரண்டு பக்கமும்?

ஏப்ரல் 2

விசா நீட்டிப்பு இன்னும் வரவில்லை. மழை.

ஏப்ரல் 4

ஊரிலுள்ள எங்கள் மிஷன் ஆபீசிலிருந்து வாட்ஸ்அப். காணிக்கை தருகிறவர்களுக்கு அனுப்பும் பத்திரிகை இந்த முறை மன்னிப்புச் சிறப்பிதழாம். கொன்றவரும் பறிகொடுத்தவரும் தோளில் கை போட்டு நிற்கிற போட்டோ ஒன்று, கூடவே ஒரு பக்கச் சாட்சி. "சீக்கிரம் சிஸ்டர், 15ஆம் தேதி அச்சுக்குப் போகுது."

அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. இதே புகெசெரா மாவட்டத்தில் இரு தரப்பும் சேர்ந்து வாழ்வதற்கென்றே கட்டிய கிராமம் இருக்கிறது. அதற்காக நான் போய் "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று சொல்ல வேண்டுமா? பதில் போடவில்லை. இது போதாதென்று, 14ஆம் தேதி பெண்கள் கூடுகையில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார் பாஸ்டர். தலைப்பும் அதேதான்.

ஏப்ரல் 7

முப்பதாம் ஆண்டு. கிகாலியில், கிசோசி நினைவிடத்தில் சுடர் ஏற்றிவிட்டார்கள். நூறு நாள் எரியும். அங்கே மட்டும் 2,50,000 பேர் புதைந்திருக்கிறார்கள். இந்த வாரம் கல்யாணம், கச்சேரி எதுவும் கிடையாது.

எங்கள் பகுதிக் கூட்டத்தில் ஒரு பெண் திடீரென்று அலறி விழுந்தார். இரண்டு பேர் அமைதியாகத் தூக்கிப் போனார்கள். வருடா வருடம் நடப்பதாம். அதற்கென்றே ஆள் நிறுத்தியிருக்கிறார்கள். ஒருவரும் சத்தம் போட்டு ஜெபிக்கவில்லை. நம்மூரில் என்றால் இந்நேரம் நாலு பேர் அவர் தலையில் கை வைத்திருப்பார்கள்.

ஏப்ரல் 9

நியாமட்டா பழைய கோயிலுக்குப் போனேன். இப்போது அது நினைவிடம். பெஞ்சுகள் மேல் இறந்தவர்களின் துணிகள். அப்படியே குவிந்து, எல்லாம் ஒரே மண் நிறமாகிவிட்டன. ஒரு குழந்தையின் ஸ்வெட்டரில் பொத்தான் மாற்றித் தைத்திருந்தது, வேறு நிற நூலால். தகரக் கூரை முழுக்க ஓட்டை.

1992இலும் இந்தப் பக்கம் வெட்டினார்களாம். அப்போது கோயிலுக்குள் ஓடியவர்கள் பிழைத்தார்கள். அந்த நம்பிக்கையில்தான் 1994இல் ஆயிரக்கணக்கானவர்கள் இங்கேயே ஓடி வந்தார்கள். இதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

வெளியே டோனியா லொக்காட்டெல்லியின் கல்லறை. இத்தாலிக்காரர், மிஷன் பணியாளர். 1992 மார்ச்சில் கொலைகள் தொடங்கியதும் வெளிநாட்டு ரேடியோக்களிடம் நடப்பதைச் சொன்னார்; இது தானாக வெடித்த கலவரமல்ல, திட்டம் போட்டுச் செய்வது என்றார். சுட்டுவிட்டார்கள். அவரும் என்னைப் போல வெளியிலிருந்து வந்தவர்தான்.

இதே நாட்டில் நியாங்கே என்ற ஊரும் இருக்கிறது. அடைக்கலம் தேடி வந்த சுமார் 1,500 பேர் உள்ளே இருக்க, கோயிலை புல்டோசரால் இடித்தார்கள். அந்தக் கோயிலின் பாதிரியார் செரொம்பாவுக்கு 2008இல் ஆயுள் தண்டனை. 2017இல் போப் பிரான்சிசே திருச்சபையின் பாவங்களுக்காகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டிய வரிசையில் நிற்கிறவர்கள் நாங்கள். "கொடுங்கள்" என்று இந்தப் பெண்களிடம் எந்த வாயால் பேசுவேன்?

ஏப்ரல் 10

தூக்கமும் இல்லை, விசாவும் இல்லை.

ஏப்ரல் 12

பக்கத்து வீட்டுப் பாட்டி பீன்ஸ் விதையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கூட உட்கார்ந்தேன். இந்த ஊர் மொழியான கிண்யர்வாண்டாவில் என் அரைகுறை அறிவுக்கு எட்டியவரை: இனப்படுகொலை வழக்குகளை ஊராரே விசாரித்த கச்சாச்சா மன்றத்தில் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அவர் வீட்டுக்காரரைப் போட்ட குழியைக் காட்டினான். சிறை முடிந்து அதே தெருவில் இருக்கிறான். குழாயடியில் பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்வார்களாம்.

மன்னித்துவிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "எலும்பு கிடைச்சுது, புதைச்சேன். மன்னிச்சியான்னு கேக்கிறவங்க எல்லாம் வெளியூர்க்காரங்க. அவன் ஒரு நாளும் கேட்டதில்லை."

அப்புறம், நான் பூச்சி விதையை நல்லதோடு தள்ளிவிடுகிறேன் என்று ஒரு அதட்டல்.

ஏப்ரல் 14

பேசவில்லை. 88ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆறுதல் சொல்லாமல் இருட்டிலேயே முடிகிற சங்கீதம். பாஸ்டர் முகம் சரியில்லை. பின் வரிசையிலிருந்து ஒரு அம்மா, "இன்னொரு தடவை வாசி" என்றார். வாசித்தேன்.

ஏப்ரல் 15

ஆபீசிலிருந்து மறுபடி மெசேஜ். யாரும் சம்மதிக்கவில்லை என்று போட்டுவிட்டேன். நான் யாரையும் கேட்கவே இல்லை என்பது வேறு விஷயம். இன்று பக்கத்திலுள்ள ந்தராமா கோயிலில் கொல்லப்பட்டவர்களின் நினைவு நாள், பாட்டி என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். சேறாக இருக்குமாம், செருப்பு வேண்டாம், பூட்ஸ் போடு என்று வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார்.